அண்ணாச்சி காதும் புல்லட் சத்தமும்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் மெக்கானிக் பேச்சித்தாய் ஷெட் போட்டிருந்தாள். அந்த இடத்துக்குச் சொந்தக்காரர் வேலாண்டி அண்ணாச்சி. முந்தின நாள் சர்வீஸ் செய்து எடுத்துப்போன தன் புல்லட்டில் காலையிலேயே வந்து இறங்கினார். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டார், கத்த ஆரம்பித்தார்.

“டப்பு டப்புன்னு ஊரே திரும்பிப் பார்க்குமே, அந்தச் சத்தத்தைக் கெடுத்துட்டியேட்டி! ஆயிரம் வண்டிக்கு நடுவுல என் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும். இப்பவே அதைக் கொண்டு வா. இல்லைன்னா ஷெட்டைக் காலி பண்ணு!”

வண்டியில் ஒரு குறையும் இல்லை. என்ஜினுக்குள் தட்டிக்கொண்டிருந்த டேப்பெட்டைச் சரிசெய்து, சைலன்சர் ஓட்டையை அடைத்ததில் இரைச்சல் போயிருந்தது, அவ்வளவுதான். பேச்சித்தாய் கைக்கிரீஸைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தாள்.

“கண்ணை மூடிக்கோங்க அண்ணாச்சி. சரியான சத்தம் வந்ததும் சொல்லுங்க.”

அவர் மூடினார். கூட்டம் கூடிவிட்டது. அவள் எதிர்க்கடைக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். டப்பு டப்பு டப்பு...

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. “இதுதான்! இதுதான் என் வண்டி! இனி அதுல கை வைக்காதே!”

“வைக்கவே இல்லையே அண்ணாச்சி. சாவி உங்க சட்டைப்பையிலதான இருக்கு?”

கண்ணைத் திறந்தார். எதிர்க்கடையில் கரும்புச்சாறு மிஷின் டப்பு டப்பென்று ஓடிக்கொண்டிருந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

“ஷெட்டைக் காலி பண்ணணுமா அண்ணாச்சி?”

“ஒண்ணும் வேண்டாம்” என்று முனகி வண்டியை எடுத்தார்.

பேச்சித்தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணாச்சிக்கும் நல்லதாகத்தான் போயிற்று. சத்தம் குறைந்த அந்த வண்டியில் அவர் வெட்கத்தோடு கடைத்தெருவைத் தாண்டியபோது ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.