ராயர் தந்த பொன்தொட்டி

வெகு காலத்துக்கு முன்னே பூவணை நாட்டை வேங்கைமாறன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காதுக்கு இனிப்பானதையே கேட்டுக் கேட்டு, கசப்பின் ருசியே மறந்துபோனவன். அவனுடைய அரசி இறந்தபோது விட்டுச் சென்றவை இரண்டு. ஒன்று மகள். இன்னொன்று, தன் கையாலேயே மண்தொட்டியில் வளர்த்த மல்லிகைச் செடி. அந்தச் செடியைக் கொலுமண்டபத்து முற்றத்தில், சிம்மாசனத்திலிருந்து பார்வை படுகிற இடத்தில் வைத்துக்கொண்டான் ராஜா.

சபையில் சிங்கணராயர் என்றொரு பிரபு இருந்தார். ஒருநாள் காலை அவர் வெள்ளிச் செம்பில் நீர் கொண்டுவந்து, "மகாராணிக்கு அடியேன் வணக்கம்" என்று செடிக்கு ஊற்றினார். ராஜாவின் கண் கலங்கியது. அதைச் சபை முழுவதும் பார்த்துவிட்டது. மறுநாளிலிருந்து ஆளுக்கொரு செம்பு. பெரிய செம்பு என்றால் பெரிய விசுவாசம். மண்தொட்டி மகாராணிக்குக் கௌரவக் குறைவு என்று சொல்லி, ராயர் பொன்முலாம் பூசிய செப்புத் தொட்டி ஒன்றைச் செய்து தந்து, செடியை அதற்கு மாற்றவைத்தார். அதேபோல இன்னொன்று செய்து தம் வீட்டு வாசலிலும் வைத்துக்கொண்டார். அப்படிப்பட்ட பொருளின் அடியில் ஓட்டை போட எந்தக் கொல்லனுக்கு மனசு வரும்?

செடி மஞ்சளித்தது. இலைகள் தொங்கின. "தாகம், மன்னா!" என்றார் ராயர். செம்புகள் குடங்களாயின.

நந்தவனக்காரி செங்கேணி ஒருநாள் குறுக்கே வந்து நின்றாள். "ஊத்தாதீங்க சாமி. போதும்!"

மகாராணிக்கு நீர் மறுத்தவள் என்று அன்றே அவளைச் சிறையில் போட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இளவரசிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அம்மாவின் மல்லிகையிலிருந்து ஒரு கிளையை வெட்டி வேர்விட வைத்து, புகுந்த நாட்டுக்குக் கொண்டுபோக அவளுக்கு ஆசை. செடியோ சாகக் கிடந்தது. "செடி செத்தால் செங்கேணியின் தலை போகும்" என்று ராஜா ஆணையிட்டான்.

மந்திரி கூத்தபிரான் அன்று மாலை தனியாக முற்றத்துக்குப் போனார். ஒரு காலத்தில் சந்தை வரியை எதிர்த்துத் தெருவில் நின்று முழங்கியவர் அவர். அந்தக் குரலுக்காகத்தான் ராஜா அவரை மந்திரியாக்கினான். மந்திரியான பிறகு அவர் கற்ற ஒரே பாடம் வாயை மூடிக்கொள்வது. அது அவருக்கு உள்ளே எரிந்துகொண்டே இருந்தது. மண்ணுக்குள் விரலை விட்டார். சேறு. முகர்ந்தார். சாக்கடை நாற்றம். செடிக்குத் தாகமில்லை, மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று புரிந்தது. ஆனால், "உங்கள் விசுவாசம்தான் கொல்கிறது" என்று சொன்னால் செங்கேணிக்குப் பக்கத்து அறை தமக்கு.

மறுநாள் சபையில் ராயர் அவசரப்படுத்தினார். "இருக்கிற கிளையை இப்போதே வெட்டி நட்டுவிடுவோம், மன்னா. அந்த நன்றி கெட்டவளின் கணக்கையும் இன்றே தீர்த்துவிடலாம்."

"வெட்டுமுன் நோய் என்னவென்று செடியையே கேட்கலாம்" என்றார் கூத்தபிரான்.

"செடி பேசுமா, மந்திரியாரே? வயசாகிவிட்டது உமக்கு!" என்றார் ராயர். சபை சிரித்தது.

"அதற்குப் பதிலாக மனிதர் பேசலாமே. மகாராணியிடம் அதிக பக்தி உள்ளவர் யாரோ, அவர் ராயர் வீட்டுப் பொன்தொட்டியில் மண்ணுக்குள் கால் புதைத்து நிற்கட்டும். நாங்கள் வழக்கம்போல் நீர் வார்ப்போம். செடிக்கு என்ன குறை என்று அவர் காலே சொல்லிவிடும். ஆனால் அப்படியொரு பக்தர் இந்தச் சபையில் இருக்கிறாரா என்பதுதான் என் சந்தேகம்."

ராயருக்கு ரோஷம் பொங்கியது. "என்னை விட்டால் வேறு யார்?" என்று வீட்டு வாசல் தொட்டியை வரவழைத்து, மண் நிரப்பச் சொல்லி, தாமே அதற்குள் இறங்கினார்.

பிரபுக்கள் வரிசையாக வந்தார்கள். செடிக்கு ஊற்றியதைவிட அதிக உற்சாகமாகவே ஊற்றினார்கள். ராயர் முதலில் புன்னகைத்தார். உச்சிவேளையில் நெளிந்தார். நீர் போக வழியில்லை. பொழுது சாயும் நேரத்தில் முழங்கால்வரை ஊறி, கால் மரத்து, உடம்பெல்லாம் நடுங்கியது. அடுத்த செம்பைக் கண்டதும் அலறிவிட்டார்.

"ஊற்றாதீர்கள்! போதும்!"

கூத்தபிரான் எழுந்தார். நெடுநாளைக்குப் பிறகு அவருடைய பழைய தெருக்குரல் வெளியே வந்தது.

"மன்னா, மகாராணியின் பெயரால் வார்க்கும் நீரை ராயர் மறுக்கிறார். இதே சொல்லைச் சொன்ன ஒருத்தி சிறையில் இருக்கிறாள். இவரையும் அங்கே அனுப்புவதா, அவளை இங்கே அழைப்பதா? நீதி சொல்லுங்கள்."

ராஜா இறங்கி வந்தான். ராயரின் கால்களைப் பார்த்தான். வெளுத்து, சுருங்கி, பிணத்தின் கால்போல இருந்தன. தன் கையாலேயே மல்லிகையைத் தொட்டியிலிருந்து தூக்கினான். வேர்கள் கறுத்து அழுகி, கையோடு வழுக்கிக்கொண்டு வந்தன. நடுவில் வெள்ளையாக நாலைந்து மட்டும் மிச்சம்.

"அவளை அழைத்து வாருங்கள்" என்றான்.

செங்கேணி வந்தாள். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அழுகிய வேர்களை நறுக்கினாள். அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டியில் ஓட்டுச்சில்லு பரப்பி, ஆற்றுமணல் கலந்த மண்ணிட்டு நட்டு, நிழலில் வைத்தாள்.

"கிளையை எப்போது வெட்டுவாய்?" என்றான் ராஜா.

"தாய் பிழைக்கட்டும் அரசே. சாகக் கிடக்கிற செடியில வெட்டின குச்சி வேர் விடாது."

கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். செடி துளிர்த்தது. முதல் மொட்டுகளை அவள் கிள்ளி எறிந்தபோது ராஜா பதறினான். "தளிருக்குப் பலம் வரட்டும்" என்றாள் அவள். தண்டு முற்றிய பிறகுதான் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி ஈரமணலில் ஊன்றினாள். வேர் பிடித்த கன்றை மடியில் வைத்துக்கொண்டுதான் இளவரசி பல்லக்கில் ஏறினாள்.

ராயருக்குத் தண்டனை, தம் இரண்டு தொட்டிகளிலும் சபை நடுவே தாமே உளிபிடித்து ஓட்டை போடுவது. கூத்தபிரானுக்கு முத்துமாலை வந்தது. அவர் வாங்கவில்லை. "போதும் என்று சொல்கிறவர் நிற்க அந்தச் செடிப்பக்கம் ஓர் இடம் கொடுங்கள். அது எனக்குப் போதும்" என்றார்.

தொட்டிகளில் ஓட்டை விழுந்த மறுநாள் காலை பிரபுக்கள் வெறுங்கையோடு வந்தார்கள். கையை எங்கே வைப்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. செம்போடு வந்தவன் ராஜா ஒருவன்தான். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு செடியருகே நின்ற செங்கேணியைப் பார்த்தான்.

"இன்னிக்கு வேண்டாம்" என்றாள் அவள்.

ராஜா செம்பைக் கீழே வைத்தான்.