ஒசத்திப் பிடிச்ச டீசல்

கருங்காட்டூர்ல மூணு அண்ணன் தம்பிங்க. பெரியவன் நாச்சிமுத்து, நடுவுலவன் செங்கோடன், கடைசி நல்லப்பன். மூணு பேருக்கும் சேர்த்து மூக்கு நீண்ட பழைய லாரி ஒண்ணு. அந்த மூக்கு மேலதான் அவங்க அத்தைக்காரி வடகம் காயப் போடுவா. ஒரு நாள் லாரி வடகத்தோடயே சந்தைக்குப் போயிடுச்சு. அத்தையும் காக்கா ஓட்டிக்கிட்டே பின்னால ஓடினா. அது கிடக்கட்டும்.

நல்லப்பனுக்குக் கல்யாணம். பொண்ணு வீடு அஞ்சு மைல். பத்தரைக்குள்ள தாலி ஏறணும், இல்லேன்னா அடுத்த முகூர்த்தம் ஆறு மாசம் கழிச்சுத்தான். சொந்தபந்தம் அத்தனையும் லாரிலதான் போகணும். ஆனா டீசல் எவ்வளவு கிடக்குன்னு காட்டற முள்ளு செத்துக் கிடந்துச்சு.

மெக்கானிக் கரீம் பாய் புது மிதவை ஒண்ணு குடுத்தார். நீட்டுக் கம்பி, நுனியில குட்டி டப்பா.

"இது டேங்குக்குள்ள டீசல் மேல மிதக்கும். டீசல் ஏறினா இதுவும் ஏறும், முள்ளும் ஏறும். முதல்ல டேங்கைக் காலி பண்ணிப் பழசைக் கழட்டுங்க. புதுசுல ஒயரை மாட்டி, கையில தூக்கிப் பாருங்க"ன்னார்.

அதுக்கு மேல அவரால பேச முடியலை, பல்வலி. ஒரு கிராம்பு வச்சுக்கோ பாய்னு சொல்ல ஆள் இல்ல பாருங்க.

கல்யாணத்தன்னிக்குக் காலையில டீசலை அண்டாவுல இறக்கினாங்க. ஒயரை மாட்டினாங்க. நல்லப்பன் மிதவையைத் தூக்கினான். முள்ளு ஜம்முனு உச்சிக்குப் போச்சு!

"அண்ணே, டேங்கு ரொம்பிடுச்சு!"

"ஊத்தவே இல்லையேடா?"

"தூக்கினேன், ரொம்பிடுச்சு."

நாச்சிமுத்து காலி டேங்கை எட்டிப் பார்த்தான். "அப்போ இதை எதுக்கு டேங்குக்குள்ள போடறது? உள்ள விழுந்தா யாரு தூக்கறது? தம்பி, நீ இப்படியே பிடிச்சுட்டு வா."

அண்டா டீசலைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பம்புசெட்டுக்குக் குடுத்துட்டாங்க. நமக்குத்தான் ரொம்பிக் கிடக்கே!

பட்டுவேட்டி, மாலை, ஒசத்தின கையோட மாப்பிள்ளை முன்னால உக்கார, அடியில தங்கியிருந்த சொச்சத்துல லாரி ரெண்டு மைல் போச்சு. நின்னுச்சு.

"டீசல் இல்லையோ?"ன்னான் செங்கோடன்.

"முள்ளைப் பாரு. உச்சி!"ன்னான் நாச்சிமுத்து.

"அப்புறம் ஏன் நிக்குது?"

"வயிறு முட்டத் தின்ன மாடு படுக்கறதில்லையா? அதான்."

மாப்பிள்ளை தவிர எல்லாரும் இறங்கித் தள்ளினாங்க. வழியில நல்லப்பனுக்கு மூக்கு அரிச்சுது. கையை இறக்கிட்டான். முள்ளு தொபுக்கடீர்னு விழுந்துச்சு.

"அடப்பாவி, அத்தனை டீசலும் போச்சே!"

செங்கோடன் லாரிக்கடியில படுத்துத் தேடினான். அதுக்குள்ள இவன் கையைத் தூக்க, முள்ளு ஏறிடுச்சு.

"நல்லவேளை, சிந்தறதுக்குள்ள பிடிச்சுட்டான்."

பத்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தாங்க. மாமனார் விஷயம் கேட்டு டீசல் கேனோட ஓடியாந்தார்.

"எங்க மாமா ஊத்தறது? தளும்பிக்கிட்டு இருக்கு"ன்னு நாச்சிமுத்து தடுத்துட்டான்.

ஒயர் எட்டணுமே! லாரி மூக்கைப் பந்தலுக்குள்ளயே நுழைச்சு மணவறை ஓரமா நிறுத்தினாங்க.

ஐயர் தாலியை நீட்டினார். அதுக்கு ரெண்டு கையும் வேணும். நல்லப்பன் மிதவையை இறக்கப் போனான்.

"விட்டுடாதடா, திரும்பிப் போக டீசல் வேணும்!"னு செங்கோடன் கத்தினான்.

"பத்து இருபத்தெட்டு ஆச்சு!"ன்னார் ஐயர்.

பொண்ணு பாவாயி குனிஞ்ச தலை நிமிராம கையை நீட்டி மிதவையை வாங்கிக்கிட்டா. மூணு முடிச்சும் விழற வரைக்கும் கை ஒரு விரக்கடை தாழலையே!

அப்புறம் மெதுவா மாப்பிள்ளை காதுல கேட்டா: "ஏனுங்க, இன்னும் கொஞ்சம் ஒசத்தினா பத்து லிட்டர் கூட வருமில்லீங்களா?"

அண்ணன் தம்பி மூணு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்த்தாங்க. இத்தனை நேரம் நமக்குத் தோணாமப் போச்சே!

நாச்சிமுத்து மணவறைக்கு ஏணி எடுத்தார ஆளனுப்பினான்.