பொரிக்கு வாய் பிளந்த மீன்கள்

ஆற்றுக்குப் பேர் வைக்க ஆளில்லாத காலம் அது. ஆனாலும் அதை ஆள ஒரு ராஜா இருந்தான். மழை இறங்கியதும் உல்லம் என்கிற மீன் கடலை விட்டு அந்த ஆற்றில் ஏறும். மலையடிவாரத்துக் கூழாங்கல்லில் சினை விட்டுத் திரும்பும். ராஜாவுக்கு உல்லம் சினை என்றால் உயிர்.

அவனுக்கு மூன்று மந்திரிகள். முதல் மந்திரி கரைக்காட்டை வெட்டித் தேர் செய்தார். மண் சரிந்து கூழாங்கல்லை மூடியது. இரண்டாம் மந்திரி சாயப்பட்டறை வைத்தார். ஆற்றுத் தண்ணீர் நாளுக்கொரு நிறமானது. மூன்றாம் மந்திரி, ராஜா படகு விடுவதற்காக ஆற்றின் குறுக்கே சுவர் எழுப்பினார்.

மீன் வரவில்லை.

"யார் குற்றம்?" என்றான் ராஜா.

"நீர்நாய்," என்றார் முதல் மந்திரி. நீர்நாய்களைக் கொன்றார்கள். மீன் வரவில்லை. "நாரை," என்றார் இரண்டாம் மந்திரி. நாரைகளை விரட்டினார்கள். மீன் வரவில்லை. "வலைக்காரர்கள்," என்றார் மூன்றாம் மந்திரி. ஊரைக் காலி செய்யச் சொல்லி வலைக்காரர் குப்பத்துக்கு ஓலை போனது.

குப்பத்துத் தலைவி மாசாணி ஓலையைப் படிக்கக் கேட்டாள். நாற்பது குடிசை, போக்கிடம் கிடையாது. அரண்மனைக்கு நடந்தாள்.

"மகாராஜா, ஒரே ஒரு மழைக்குச் சுவரைத் திறந்து விடுங்க. மீன் வரலேன்னா நாங்களே போயிடுறோம்."

"என் படகு தரை தட்டுமே, அம்மா!"

"அந்தச் சிரமமே வேண்டாம் பிரபு," என்றார் மூன்றாம் மந்திரி. "அரண்மனைக் குளத்தில் உல்லக் குஞ்சு வளர்த்து ஆற்றில் விடுவோம். அரண்மனைப் பொரி தின்ற மீன் சுவரென்ன, மலையையே தாண்டும். தாண்டிவிட்டால், ஆற்றில் குறையில்லை, இவர்கள்தான் திருடர்கள் என்று ஆகிவிடும்."

"தாண்டாட்டி?" என்றாள் மாசாணி.

"தாண்டாவிட்டால் நீங்கள் இங்கேயே இருந்துகொள்ளலாம்," என்றான் ராஜா.

மூன்று வேளையும் பொரி தின்று குஞ்சுகள் கொழுத்தன. மழை வந்தது. மேளம் கொட்டி, சுவருக்குக் கீழே ஆற்றில் விட்டார்கள். ஒன்றாவது சுவர்ப்பக்கம் திரும்ப வேண்டுமே! மொத்தமும் படித்துறையில் கூடி, வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"எதற்கு நிற்கின்றன?" என்றான் ராஜா.

"பொரிக்குத்தான், மகாராஜா," என்றாள் மாசாணி. "இதுங்களுக்கு ஏறத் தெரியாது. ஏறத் தெரிஞ்சதெல்லாம் உங்க சுவர்ல முட்டியே செத்துப் போச்சு."

ராஜா சுவரைப் பார்த்தான். மாசாணியைப் பார்த்தான். கடைசியில் தன் படகைப் பார்த்தான்.

"குப்பம் இருக்கட்டும்," என்றான். மாசாணிக்குப் போன உயிர் வந்தது. "வலைகளை மட்டும் வாங்கி வையுங்கள். இனி இவர்களுடைய வேலை, மீனுக்குப் பொரி போடுவது."

மூன்று மந்திரிகளுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். மாசாணி பொரிக்கூடையோடு படியில் இறங்கினாள். முதல் பிடியை எறிந்தாள்.

கேட்டுக்கொள்ளுங்கள், பெரியவர்களே, சின்னவர்களே: வழியை அடைத்தவனை விட்டுவிட்டு வேறு யாரைத் தண்டித்தாலும், போன உயிர்கள் திரும்பி வருவதில்லை.