பேர் வெட்டின அண்டா

ஒரு ஊர்ல ஒரு அண்டா இருந்துச்சு. ராஜா இல்ல, நரி இல்ல, அண்டாதான். கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற அண்டா. 'ம்' கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

"ம்."

அதே ஊர்ல ஒரு கோவக்காரன். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா யாரு என்ன செஞ்சான்னு ஒண்ணு விடாம ஞாபகம் வச்சிருப்பான். ஒரு தடவ புயல் வந்துச்சு. உய்ய்ய்னு காத்து, சோன்னு மழை. ஆறு உடைச்சுக்கிட்டுது. வீட்டைச் சுத்திக் கழுத்தளவு தண்ணி. அவனும் மருமக தெய்வானையும், அவ கைக்குழந்தையத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஏறிட்டாங்க. தார்ப்பாய்தான் கூரை. திங்க ஒண்ணும் இல்ல.

அப்போ மேட்டுப் பக்கத்துல இருந்து மழைக்குள்ள ஏதோ மிதந்து வருது. தளக் புளக், தளக் புளக். என்னவா இருக்கும்?

"முதலையா தாத்தா?"

முதலைக்குக் காது இருக்குமா? இதுக்கு ரெண்டு காது. ஒரு காதுல நீளமா கிணத்துக் கயிறு. வந்து மாடிப்படியில டங்குன்னு முட்டுச்சு. அண்டா! உள்ள சுடச்சுட புளிச்சோறு. கயித்தோட அந்த முனைய யாரு புடிச்சிருக்கான்னு தெரியல, மழை மறைக்குது.

"பேரு வெட்டியிருக்குமே, படி"ன்னான். தெய்வானை தடவிப் பாத்தா. "கரி புடிச்சிருக்கு மாமா, தெரியல. சாப்பிடுங்க." சாப்பிட்டாங்க. அப்புறம் காலி அண்டாவ விட்டதும், விர்ருன்னு கயிறு இழுத்துக்கிட்டுப் போச்சு.

மத்தியானம் மறுபடி தளக் புளக். இப்போ பாப்பாவுக்குப் பாலு, ஒரு கம்பளி.

"இப்பவாவது படி."

"எழுத்து தேஞ்சிருக்கு மாமா."

"காலையில கரி, இப்போ தேஞ்சிருச்சா?"

அவ மழையப் பாத்து, "புள்ளைக்கு உடம்பு சுடுது!"ன்னு கத்தினா.

சாயங்காலம் பாப்பா அனலா கொதிக்குது. கண்ணே திறக்கல. அப்போ மூணாவது தடவ அண்டா வந்துச்சு. எட்டிப் பாத்தா சோறு இல்ல, பாலு இல்ல. வைக்கோல் பரப்பி மேல போர்வை. எதுக்கு, சொல்லு?

"பாப்பாவுக்கா?"

ம். மழைக்குள்ள இருந்து யாரோ ஒரு பொம்பளை, "புள்ளைய உள்ள வைங்க, நர்ஸம்மா இங்க இருக்காங்க!"ன்னு கூவினா.

கோவக்காரன் அண்டாவ இறுக்கிப் புடிச்சுக்கிட்டான். "கயித்தப் புடிச்சிருக்கிறது யாருன்னு தெரியாம புள்ளைய விடமாட்டேன். படி!"

தெய்வானை அழுதுக்கிட்டே படிச்சா. "பக்கிரிசாமி. சொல்லியிருந்தா பச்சத் தண்ணி குடிச்சிருக்க மாட்டீங்க மாமா."

பதினோரு வருஷமா பேசாத பக்கிரிசாமி! இவன் ஆடு அவன் வயல்ல நாலு வாய் மேஞ்சதுக்கு, அதக் கயித்தோட ஊர் முழுக்க இழுத்துட்டுப் போனவன். இவன் பாஞ்சு அவன் கையக் கடிச்சான். ரத்தம் வந்துச்சு. கயித்த விட்டானா?

"விட்டானா?"

விடல. அதான் கோவமே.

இவன் அந்தக் கயித்தயே பாத்தான். "கடிச்சே விடாத பய. இதையா விடப் போறான்?"னு சொல்லி, புள்ளைய உள்ள வச்சான்.

தளக்... புளக்... அண்டா மழைக்குள்ள மறைஞ்சுது. சத்தமே இல்ல. அப்புறம், ரொம்ப அப்புறம், அந்தப் பக்கத்துல இருந்து "ங்ஙா"ன்னு ஒரு அழுகை.

"ரெண்டு பேரும் பேசினாங்களா?"

எதுக்கு? ஆடு விஷயம் வேற. ஆனா கயிறு அறுத்து அவன் கையெல்லாம் தோலுரிஞ்சு கிடக்குன்னு கேள்விப்பட்டு, இவன் வேப்பெண்ணெய் குடுத்தனுப்பினான். யாரு குடுத்ததுன்னு சொல்லக் கூடாதுன்னு சொல்லி.

"பாப்பா?"

அதுவா? தாத்தா பக்கத்துல படுத்துக்கிட்டு, தூங்காம கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கு. கதை கரையேறிடுச்சு. கண்ண மூடு.