கொம்பையா தேடிய தாளம்

தாமிரபரணிக் கால்வாய்க் கரையில் பேச்சித்தாய் என்றொரு சிலம்ப ஆசான் இருந்தார். முப்பத்தெட்டு வயது. அவரிடம் கம்பு பிடிக்க வந்தவர்களில் அவரைவிட மூத்தவர்களும் உண்டு. அவருடைய களத்துக்கு வந்த எல்லோரிலும் மூத்தவர் கொம்பையா.

கொம்பையாவுக்கு ஐம்பத்து மூன்று. சரக்கு ரயில் டிரைவர். கம்பு சுற்ற அவர் வரவில்லை. நடக்க வந்தார்.

மூன்று மாதத்துக்கு முன் அவருடைய இதயக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். தை பிறந்ததும் டிரெட்மில்லில் ஏற்றிப் பார்ப்போம், தேறினால் வண்டி, தேறாவிட்டால் ஆபீஸ் நாற்காலி என்றார்கள். முப்பது வருடம் என்ஜினில் நின்றவருக்கு நாற்காலி என்ற சொல் ஆஸ்பத்திரிக் கட்டிலைவிடப் பயமாக இருந்தது.

தெருவில் தனியாக நடக்க அவருக்குத் தைரியம் இல்லை. விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று யோசித்து யோசித்து, ஆட்கள் இருக்கும் இடமாகப் பார்த்துக் களத்துக்கு வந்து சேர்ந்தார். காலை ஆறு மணிக்குக் களத்தின் நடுவே கம்புகள் சுழலும். அவர் வேலியோரமாகச் சுற்றி நடப்பார். இரண்டு காதிலும் இயர்போன்.

வந்த முதல் நாளே ஆசானிடம் கேட்டார்.

"ஆசானே, நடக்கதுக்கு ஏத்த பாட்டு எது?"

ஆசான் இடது முழங்காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். என்றோ ஒரு போட்டியில் வாங்கிய அடி, இன்னும் முழுதாக ஆறவில்லை.

"எதுக்குக் கேக்கீங்க, அண்ணாச்சி?"

"எம் மக வேணி நூத்தி நாப்பது பாட்டு போன்ல ஏத்திக் குடுத்திருக்கா. ஒண்ணும் சரிப்படல. வேகமான பாட்டுன்னா காலு முந்துது, மூச்சு வாங்குது. மெதுவான பாட்டுன்னா..."

"மெதுவான பாட்டுன்னா?"

"எழவு வீடு ஞாவகம் வருது."

ஆசான் சிரிக்கவில்லை.

"தேடுங்க. தெனம் ஒரு தினுசு கொண்டாங்க. நடங்க. நான் பாக்கேன்."

கொம்பையா தேடினார். சினிமாப் பாட்டு போட்டு நடந்தார். நையாண்டி மேளம் போட்டு நடந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கிறிஸ்தவப் பாட்டுகளும் வந்தன. சொற்களே இல்லாத வெறும் புல்லாங்குழல் ஒரு நாள். வேணி எங்கிருந்தோ இறக்கிக் கொடுத்த வெளிநாட்டு ஓட்டக்காரர்களின் இசை ஒரு நாள். அதில் இருந்த இடி அவருடைய பல்லை ஆட்டியது.

நடந்து முடித்ததும் ஆசான் முன்னால் போய் நிற்பார். "இதுவும் இல்ல, ஆசானே" என்பார்.

ஆசான் பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். ஒரே கேள்விதான்.

"இன்னைக்கு எத்தன தடவ நின்னீங்க?"

"நான் எங்க நின்னேன்?"

"நின்னீங்க. பத்துத் தடவ."

மறுநாளும் அதே கேள்வி. "பன்னெண்டு தடவ" என்று ஆசானே பதிலும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொம்பையாவுக்கு இது உறுத்தியது. மறுநாள் நடக்கும்போது தன்னையே கவனித்தார். அப்போதுதான் தெரிந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்க இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியும் அவர் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டன. வலது கை நெஞ்சுக்குப் போயிருந்தது. அடுத்த பாட்டு தொடங்கியதும் கை இறங்கியது.

அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலை வேணியிடம், இடைவெளியே இல்லாமல் ஓடுகிற பாட்டாகக் கேட்டார். வேணி முக்கால் மணி நேரத்துக்கு ஒரே இரைச்சலாகத் தேடிப் பிடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் அவர் ஒருமுறைகூட நிற்காமல் நடந்தார். நான்கு சுற்று. ஐந்து சுற்று. இதுதான், கிடைத்துவிட்டது என்று நினைத்தார். ஆறாவது சுற்றில் போனில் சார்ஜ் தீர்ந்தது.

இரைச்சல் நின்றது.

கம்புகள் மோதும் சத்தம் இருந்தது. கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம் இருந்தது. அவருக்கு அவை எதுவும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது ஒன்றுதான். அது வேகமாகியது. வேகமானதைக் கண்டு அவர் பயந்தார். பயந்ததைக் கண்டு அது இன்னும் வேகமாகியது. வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.  

ஆசான் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"வலிக்கா?"

"இல்ல."

"கை மரத்துப்போவுதா?"

"இல்ல. கேக்கு. ஆசானே, கேக்கு."

"எது?"

கொம்பையா நெஞ்சைக் காட்டினார்.

ஆசான் தண்ணீர் கொடுத்தார்.  குடித்து முடித்ததும் கொம்பையாவே சொன்னார்.

"நெஞ்சு அடைச்ச அன்னைக்கு வண்டியில ரெண்டு என்ஜின் ஓடுது, ஆசானே. பக்கத்துல நிக்க துணை டிரைவர் பேசுதது எனக்குக் கேக்காது. அம்புட்டுச் சத்தம். அதுக்கு மேல இது கேட்டுச்சு. காதுக்குள்ள. அவுட்டர் சிக்னல்ல வண்டிய நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் எங்க சத்தம் இல்லியோ அங்க இது கேக்கு. இந்த மார்கழிக் குளிருலயும் ஃபேன் போட்டுத்தான் படுக்கேன். குளிக்கையில குழாயத் தொறந்தே வச்சிருக்கேன். ஆஸ்பத்திரியில நர்ஸ் நாடி புடிச்சா முகத்தத் திருப்பிக்கிடுதேன்."

"அப்ப நீங்க தேடுதது நடக்கதுக்குப் பாட்டு இல்ல."

கொம்பையா தலைகுனிந்தார்.

"டிரெட்மில்லுல ஏறயில காதுல எதையும் மாட்டக் கூடாதாம். போன் போட்டுக் கேட்டுட்டேன். இன்னும் பத்து நாள்தான் இருக்கு. நான் என்ன செய்ய?"

ஆசான் எழுந்து கொட்டகைக்குப் போனார். ஒரு காலி எண்ணெய் டின்னும் ஒரு சிறு குச்சியும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"எனக்கும் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு, அண்ணாச்சி. முட்டிக்காக. மெதுவா, ஒரே சீரா நடக்கணுமாம். எனக்கு மெதுவா நடக்கத் தெரியல. பத்தடி போனா காலு ஓட ஆரம்பிச்சிருது. எனக்கும் ஒரு தாளம் வேணும்."

"எனக்கு வாசிக்கத் தெரியாதே."

"வலது கைய இங்க வைங்க."

ஆசான் தன் கழுத்தில், தாடைக்குக் கீழே இரண்டு விரல் வைத்துக் காட்டினார். கொம்பையாவின் கை எழும்பவில்லை.  வெகுநேரம் கழித்து, சூடான இரும்பைத் தொடுவதுபோல அவர் தன் கழுத்தைத் தொட்டார். தொட்டதும் எடுத்துவிட்டார்.

"எடுக்காதீங்க. அங்க ஒரு அடி அடிச்சா, இங்க டின்னுல ஒரு அடி. அதுக்கு நான் ஒரு எட்டு வைக்கேன். அவ்வளவுதான்."

அவர் மறுபடி விரலை வைத்தார். குச்சி டின்னில் விழுந்தது. ஆசான் நடந்தார்.

அடிகள் மழைபோல் வந்தன. ஆசான் ஓட்டமும் நடையுமாகப் போனார். அரைச் சுற்றிலேயே இடது கால் இழுத்தது. கம்பு சுற்றிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"நில்லுங்க, ஆசானே, முட்டி போயிரும்."

"என்னட்ட சொல்லாதீங்க. வாசிங்க."

கொம்பையா பயந்துபோய் குச்சியை மெதுவாகத் தட்டினார். விரல் ஒன்று சொல்ல, குச்சி வேறொன்று சொன்னது. ஆசான் அந்த இடத்திலேயே நின்றார்.

"ஒங்க தோளு ஒரு வேகத்துல ஏறி எறங்குது, டின்னு ஒரு வேகத்துல அடிக்கு. பொய்த் தாளத்துக்கு என்னால நடக்க முடியாது. உள்ளத வாசிங்க."

"உள்ளது வேகமா இருக்கே."

"இருக்கட்டும். நான் ஓடுதேன்."

ஓடினார். முகம் சுளிந்தது. பட்டை அவிழ்ந்து கணுக்காலில் விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை.

கொம்பையா இப்போது நெஞ்சை நினைக்கவில்லை. அந்த இடது காலையே பார்த்தார். அது இறங்கும் ஒவ்வொரு முறையும் அவருக்கு வலித்தது. இதைக் குறைத்தாக வேண்டும், ஆனால் குச்சியில் குறைக்க முடியாது. எங்கே குறைப்பது? ஒரு மூச்சை இழுத்து மெதுவாக விட்டார். மேட்டில் ஏறிய வண்டி சமவெளிக்கு இறங்கும்போது வேகக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பாரே, அப்படிக் காத்திருந்தார். இன்னொரு மூச்சு. விரலுக்கடியில் ஏதோ தளர்ந்தது. குச்சி தானாகத் தளர்ந்தது. ஆசானின் ஓட்டம் நடையானது. நடை இன்னும் நிதானமானது. இழுத்த கால் ஊன்றத் தொடங்கியது.

ஒரு சுற்று. இரண்டு. அடி, எட்டு, அடி, எட்டு. கம்புகள் மறுபடி மோதத் தொடங்கியதும், கால்வாய்த் தண்ணீரின் சத்தமும் அவருக்குக் கேட்டது.

ஏழாவது சுற்று முடிந்து ஆசான் வந்து உட்கார்ந்தார். முழங்கால் வீங்கியிருந்தது. கொம்பையாவுக்குக் கண் கலங்கியது.

"இவ்வளவு வலிய எதுக்கு இழுத்துக்கிட்டீங்க, ஆசானே?"

"மொத ரெண்டு சுத்துதான் வலி. மீதி அஞ்சும் இத்தன வருசத்துல நான் நடந்த நல்ல நடை."

பத்து நாளும் அவர் வாசித்தார், ஆசான் நடந்தார். தினமும் அது முடிந்தபின் கொம்பையா தன் முக்கால் மணி நேரத்தை நடந்தார். சில நாள் இயர்போனோடு, சில நாள் இல்லாமல். பயம் போகவில்லை. இரண்டு நாள் வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்காரவும் செய்தார். பிறகு எழுந்தார்.

சோதனை நாளன்று மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். டிரெட்மில் நகர்ந்தது. கூடவே அவர் எதிர்பாராத ஒன்று நடந்தது. பக்கத்துத் திரையிலிருந்து கீச், கீச் என்று ஒரு சத்தம்.

"அது என்ன சத்தம், சிஸ்டர்?"

"உங்க இதயம்தான், சார்."

அறை முழுக்க அது கேட்டது. இனி காதைப் பொத்தி என்ன செய்ய? அவர் கால்கள் தயங்கின. கைப்பிடியை இறுகப் பிடித்தார். கீச்சொலி விரைந்தது. இந்த வேகத்துக்கு ஆசானின் முழங்கால் தாங்குமா என்று நினைத்தார். மூச்சை மெதுவாக விட்டார். காத்திருந்தார். எந்திரம் வேகம் கூட்டியது, ஏற்றம் கொடுத்தது. அவர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தார். ஒன்பது நிமிடம்.

டாக்டர் நீளக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். பெரிய வண்டி இப்போதைக்கு வேண்டாம் என்றார். யார்டுக்குள் பெட்டி மாற்றுகிற என்ஜினை ஓட்டலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். கொம்பையாவுக்கு அது பாதிச் சோறு மாதிரி இருந்தது. ஆனால் நாற்காலி இல்லை.

மறுநாள் காலை களத்துக்கு வந்து ஆசானிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தும் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னும் என்ன, அண்ணாச்சி?"

"நேத்து அது நல்லாத்தான் அடிச்சுது. ராத்திரி பூரா ஃபேன் போடாம படுத்துக் கேட்டேன். கேக்கக் கேக்க ஒரு நெனப்பு. ஒரு நாள் இது நின்னுரும்லா?"

"ஆமா."

"ஆமான்னு சொல்லிட்டீங்க."

"வேற என்ன சொல்ல?"

"அன்னைக்கு நான் என்ன செய்ய, ஆசானே?"

ஆசான் முழங்கால் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"அன்னைக்கு நீங்க வாசிக்க வேண்டாம். இன்னைக்கு நான் நடக்கணும். உக்காருங்க."