செவலை சுற்றிவிட்டுப் படுத்த கதை

அந்தக் காலத்தில், மனுசருக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் நண்டுக்கும் ஒரே பேச்சாக இருந்த காலத்தில், நாய்கள் படுப்பதற்கு யோசித்ததே இல்லை. கால் எங்கே ஓய்ந்ததோ அங்கே தொப்பென்று விழும். கீழே முள் கிடக்கிறதா, முட்டை கிடக்கிறதா என்றெல்லாம் பார்க்காது. குளவிகளும் அப்போது உயரத்தில் குடியிருக்கவில்லை. தரையோடு தரையாக, கிடைத்த மூலையில் கூடு வைத்துக்கொண்டு காலம் தள்ளின.

சோளக்காட்டு ஓரத்தில் பனையோலை வேய்ந்த ஒரு வீடு. அதில் செங்கோடன் என்று ஒரு குடியானவனும் அவன் பெண்டாட்டி பூவாத்தாவும் இருந்தார்கள். கூடவே ஒரு பூனை, குஞ்சுகளோடு ஒரு கோழி, செவலை என்று ஒரு பெண் நாய். செவலைக்கு அடுப்படி மூலையில் ஒரு பழைய கோணி உண்டு. நாலாக மடித்துப் போட்ட அந்தக் கோணிதான் அதற்குப் பாய், தலையணை, சொத்து எல்லாம்.

மாசிக் காற்றில் ஒரு ராணிக் குளவி தனியாக வந்து, உரலுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கூடு வைத்தது. பூவாத்தா பார்த்தாள். "பாவம், ஒத்தையா வந்திருக்குது. இருந்துட்டுப் போவுது" என்று விட்டுவிட்டாள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? சித்திரை பிறப்பதற்குள் உரலுக்குள் ஒரு கூடு, கோழிக் கூடைக்குள் ஒரு கூடு, தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஒரு கூடு. எல்லாவற்றிலும் பெரிய கூட்டை, ராணியே தன் கையால், செவலையின் கோணி மடிப்புக்குள் கட்டியது.

அப்புறம் அந்த வீட்டில் நிம்மதி ஏது? மோந்து பார்க்கப் போன பூனைக்கு மூக்கு சுண்டைக்காய் போல வீங்கியது. கோழி கூடைக்குப் பக்கத்தில் போகாமல் குஞ்சுகளை முற்றத்திலேயே வைத்துக்கொண்டது. செங்கோடன் உட்காரப் போன இடத்தில் ஒரு குளவி முன்பே உட்கார்ந்திருந்ததால், பாவம், அவன் கொஞ்ச நாளாக நின்றுகொண்டே சாப்பிட்டான். செவலையும் வழக்கம்போலத் தொப்பென்று கோணியில் விழப் போய், முதுகில் வாங்கிக்கொண்டு முருங்கை மரத்தடிக்கு ஓடியது. அதற்குப் பிறகு படுக்கை வெளியேதான்.

மற்ற நாளாக இருந்தால் செவலை அதையும் பொறுத்துக்கொண்டிருக்கும். ஆனால் அப்போது அது நிறைமாதம். போன ஈத்தில் வீட்டுக்குள் அடுப்பு மெழுகியிருந்தார்கள் என்று வேலியோரம் குட்டி போட்டது. தண்ணீரில் வாய் நனைத்து வருவதற்குள் நரி வந்து குட்டிகளைத் தூக்கிப் போய்விட்டது. பால் கட்டிய மடியோடு வெறும் வேலியைச் சுற்றி வந்த அந்த நாட்களை செவலை மறக்கவில்லை. இந்த முறை அடுப்படி மூலைதான், வேறெங்கும் இல்லை என்று அது மனசுக்குள் முடிவு செய்திருந்தது. அந்த மூலையைத்தான் குளவி பிடித்துக்கொண்டது.

பூவாத்தா முதலில் வேப்பிலையைக் குவித்துப் புகை போட்டாள். செவலை இருமியது, பூனை இருமியது, குஞ்சுகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடின. குளவிகள் வெளியே போய்க் கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு, புகை அடங்கியதும் திரும்பி வந்துவிட்டன.

"எட்டிக்காய இடிச்சுக் கருப்பட்டித் தண்ணில கரச்சு வெச்சுப் பாக்கலாமா அம்மிணி? குடிச்சுட்டு எல்லாஞ் செத்துப்போவும்" என்றான் செங்கோடன்.

கருப்பட்டி என்ற சொல் காதில் விழுந்ததுமே செவலையின் வால் ஆடிவிட்டது.

"பாருங்க, பாருங்க, அந்த வாலப் பாருங்க" என்றாள் பூவாத்தா. "குளவி குடிக்கறதுக்கு முந்தி இவதான் வாய் வெப்பா. கோழிக்குஞ்சு வெசமுன்னு பாத்துட்டா கொத்தும்? வேண்டவே வேண்டாமுங்க."

செவலை வெட்கப்பட்டு வாலைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டது.

"அப்பப் பந்தந்தான்" என்றான் செங்கோடன். "பொழுது வுழுந்தா எல்லாம் கூட்டுல அடஞ்சிருக்கும். கோணியோட சேத்திக் கொளுத்திப்போடறேன்."

"மூட்டப்பூச்சிக்குப் பயந்து வூட்டக் கொளுத்துன கதையா இருக்குதுங்க. மேல ஓலைக்கூரை இருக்கறது நெனப்புல இருக்குதுங்களா?"

"இருக்குது. அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? செவலைக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்குது. இந்தத் தடவையும் அவ குட்டிய நரி திங்கோணுமா?"

பூவாத்தா, கூரைக்குத் தீப்பிடித்தால் அணைக்கலாம் என்று குடங்களில் தண்ணீர் நிரப்பி வரப் போனாள். செங்கோடன் முற்றத்தில் உட்காரவும் முடியாமல் குனிந்தபடியே கம்பில் துணியைச் சுற்றினான். தனக்காகத்தான் இத்தனையும் நடக்கிறது என்று செவலைக்குத் தெரிந்தது. அந்த வீட்டார்மேல் அதற்குப் பாசம் பொங்கியது. பயமும் வந்தது. மூலை கிடைக்கலாம், ஆனால் வீடே போய்விட்டால்?

அந்த நேரம் பார்த்து நோவு எடுத்துவிட்டது. பிரசவ வலி நேரங்காலம் பார்த்தா வருகிறது? செவலை எழுந்து, கால்கள் தானாக இழுத்துப் போக, அடுப்படிக்குள் நுழைந்தது. எதிரே கோணி. முன்னங்கால்கள் மடங்கிவிட்டன, இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தால் தொப்பென்று விழுந்திருக்கும். முதுகில் வாங்கிய கொட்டு நினைவுக்கு வந்ததும் நிமிர்ந்துகொண்டது. படுக்கவும் முடியவில்லை, போகவும் மனமில்லை. கோணியைச் சுற்றி ஒரு நடை நடந்தது. வலி விடவில்லை. இன்னொரு நடை நடந்தது.

அப்படி நடக்கும்போதுதான் காதில் விழுந்தது. கோணி மடிப்புக்குள்ளிருந்து கறுக், கறுக் என்று ஒரு சத்தம். பசியெடுத்த பிள்ளைகள் சுவரைச் சுரண்டி அம்மாவைக் கூப்பிடுகிற சத்தம். குட்டி போட்டு வளர்க்கத் தெரிந்தவளுக்கு அது புரியாமல் போகுமா?

செவலை நின்றது. "உள்ள யாருங்க இருக்கறது?" என்று கேட்டது.

கூட்டில் சத்தம் அடங்கியது. ராணிக் குளவி வெளியே வந்து கோணி விளிம்பில் உட்கார்ந்தது. "இத்தன நாளா இல்லாம இன்னைக்கென்ன கேள்வி?"

"எனக்கு நோவு எடுத்துருச்சுங்க குளவியக்கா. படுக்கோணும். வெளிய நரி இருக்குது. கொஞ்சம் எடம் வுடோணும்."

ராணி சிறகைச் சிலிர்த்தது. "வேப்பிலைப் புகை போட்டீங்க. வெசம் வெக்கறதுக்குப் பேசுனீங்க. இப்பப் பந்தங் கட்டறீங்க. கொஞ்சம் அக்கட்டால தள்ளிக்கன்னு ஒருத்தராச்சும் வாயத் தொறந்து கேட்டீங்களா?"

செவலை யோசித்துப் பார்த்தது. உண்மைதான். எல்லோருக்கும் பேசத் தெரிந்த காலம். ஆனாலும் குளவியிடம் என்ன பேச்சு என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் செவலையும் லேசுப்பட்டது இல்லை.

"நாங்க கேக்கலீங்க, தப்புத்தான். நீங்க மட்டும் கேட்டுட்டா என்ற கோணிக்குள்ள வந்தீங்க?"

ராணியின் மீசை தாழ்ந்தது.

"செரி, ரண்டு பேரு மேலயும் தப்பு" என்றது. "நாங்க பறந்துருவோம். இந்தப் புள்ளைகளுக்கு இன்னுஞ் சிறகு மொளைக்கல. கூட்டோட தூக்கிப் போக எங்களுக்குப் பலமில்ல."

"நான் தூக்கறேன்."

"நீயா? உன்ற பல்ல நீ பாத்திருக்கறியா?"

"இந்தப் பல்லுலதான் என்ற குட்டிகளையுந் தூக்குவேன். ஒரு கீறல் வுழுந்ததில்லீங்க" என்றது செவலை. குட்டிகள் என்று சொல்லும்போதே அதன் தலை வேலிப் பக்கம் திரும்பியது. ராணி அதைக் கவனித்தது. வேறு ஒன்றும் கேட்காமல் வழிவிட்டு நகர்ந்தது.

செவலை கோணி மடிப்பை மூக்கால் விலக்கி, கூட்டின் உச்சியை உதட்டால் மட்டும் கவ்விக்கொண்டது. மெல்லத் தூக்கியது. குளவிகள் எல்லாம் அதன் தலையைச் சுற்றி இரைந்தன. அந்த நேரம் வாசலில் வெளிச்சம் தெரிந்தது. எரிகிற பந்தத்தோடு செங்கோடன், பின்னால் குடத்தோடு பூவாத்தா.

பந்தத்தைப் பார்த்த ஓர் இளங்குளவி மிரண்டுபோய், பக்கத்தில் இருந்த மூக்கிலேயே கொட்டிவிட்டது.

செவலைக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. வாயை இறுக்கினால் வலி கொஞ்சம் அடங்கும். இறுக்கினால் கூடு நொறுங்கிவிடும், உள்ளே இருக்கிற பிள்ளைகள் போய்விடும், அப்புறம் அந்த வீட்டில் ஒரு உயிர் கொட்டு வாங்காமல் மிஞ்சாது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள். செவலை பல்லைக் கடிக்காமல் பொறுத்துக்கொண்டது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடி மூக்கு நனைந்தது. கூடு அசையவில்லை.

"அசையாதீங்க!" என்று பூவாத்தா புருசனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ என்னமோ பண்றா. பந்தத்த வெளிய கொண்டு போங்க."

குடத்தை இறக்கிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த முறத்தை எடுத்து அவள் குனிந்து நீட்டினாள். செவலை கூட்டை முறத்தில் வைத்தது, குட்டியை மடியில் வைப்பது போல.

"எங்க சாமி கொண்டுபோயி வெக்கறது?" என்று பூவாத்தா ராணியிடமே கேட்டாள். அவளுக்கும் கேட்கிற பழக்கம் வந்துவிட்டது.

"நாய் ஏறாத எடம், கோழி எட்டாத எடம் எதுன்னாலுஞ் செரி ஆத்தா."

வெளியே கூரை தாழ்ந்து இறங்குகிற எரவாணத்துக்கு அடியில் முறத்தைத் தூக்கிப் பிடித்தாள் பூவாத்தா. செங்கோடன் தூரத்தில் நின்று பந்தத்தால் வெளிச்சம் காட்டினான். குளவிகள் மரத்தை மென்று கூழாக்கி, செவலையின் உதடு பிடித்த அதே இடத்தில் பூசி, மூங்கிலோடு கூட்டை ஒட்டின. குளவிக்கூடு இன்றைக்கும் உச்சியில் ஒரு காம்பு பிடித்துத்தானே தொங்குகிறது, அந்தக் காம்பு இதுதான். மிச்சக் கூடுகளையும் விடிந்ததும் முறத்தில் ஏந்தி மேலே வைத்துத் தருவதாகப் பூவாத்தா சொன்னாள்.

ராணி கடைசியாக ஒருமுறை அடுப்படிக்குள் வந்தது. "கீழ உனக்கு, மேல எங்களுக்கு. ஆனா ஒண்ணு செவலை. என்ற புள்ளைக மறதிக்காரப் புள்ளைக. மழைக்குங் குளுருக்குங் கீழ வந்து ஒண்டிக்குவாங்க. நீ பாட்டுக்குத் தொப்புனு வுழுந்துராத. கேட்டுட்டுப் படு."

"படுக்கறப்பெல்லாங் கேக்க எனக்கு நாபகம் இருக்குமுங்களா அக்கா?"

"இன்னைக்குச் சுத்துனியே, அப்பிடிச் சுத்து. காலடி அதிர்ந்தா, யாரிருந்தாலும் எந்திரிச்சுப் பறந்துருவாங்க. அதுவே கேட்ட மாதிரிதான்."

செவலை கோணியைச் சுற்றி வந்தது. இன்னொரு சுற்றும் வந்தது. நின்று காதைத் தூக்கிக் கேட்டது. ஒரு சத்தமும் இல்லை. அதற்குப் பிறகுதான் படுத்தது.

அடுப்பு வெளிச்சத்தில் குட்டிகள் ஒவ்வொன்றாகப் பிறந்தன. எல்லாம் அம்மாவைப் போலவே செம்பட்டை. ஒன்றுக்கு மட்டும் மூக்கில் கருப்புப் பொட்டு. வேலிக்கு அப்பால் நரி ஒரு தடவை ஊளையிட்டுப் பார்த்தது. உள்ளே யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. கூட்டைக் கொளுத்துவதற்கென்று கட்டிய பந்தத்தை செங்கோடன் அடுப்புக்குள் செருகி, அதே தீயில் கம்பங்கூழ் காய்ச்சினான். கூழில் பூவாத்தா கை நிறையக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டாள்.

"இப்ப ஆட்டு உன்ற வால" என்றாள்.

செவலை ஆட்டியது. மூக்கு வீங்கியிருந்தது, மடி நிறைந்திருந்தது, குட்டிகள் முட்டி முட்டிக் குடித்தன. அதற்கு இனி ஒரு குறையும் இல்லை. செங்கோடனும் வெகு நாளைக்குப் பிறகு, முதலில் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டான்.

அதற்கப்புறம் காலம் மாறிப் பிராணிகளுக்குப் பேச்சு போய்விட்டது. செவலையின் குட்டிகள் அம்மாவைப் பார்த்துச் சுற்றப் பழகின, அவற்றைப் பார்த்து அவற்றின் குட்டிகள் பழகின. அன்று முதல்தான் குளவி எரவாணத்தில் கூடு தொங்கவிடுகிறது, நாய் சுற்றிவிட்டுப் படுக்கிறது. குளவியே எட்டிப் பார்க்காத மாடி வீட்டில், பஞ்சு மெத்தையே போட்டுக் கொடுத்தாலும் அது சுற்றாமல் படுக்காது. சுற்றி முடித்ததும் ஒரு கணம் காதைத் தூக்கி நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். 'உள்ள யாருங்க இருக்கறது?' என்று கேட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கிறது.