பன்னிரண்டு சமம் பன்னிரண்டு

ஆற்றங்கரை மடத்தில் கணக்குப் படித்த சேந்தனுக்கு எல்லார் குரலும் வரும். ஆசான் மாதிரி ஒரு செருமல் செருமினால் போதும், அடுப்படியில் தூங்கும் சமையற்காரர் பதறி எழுந்து வெறும் பானையைக் கிண்டுவார். ஆவணி வெள்ளத்தில் தம்பி கூத்தன் போனதிலிருந்து சேந்தனுக்கு ஒரே குரல்தான் வந்தது. தம்பியின் குரல்.

ஆறு ஏறுகிறது, நாளைக்கு வரட்டுமா என்று அன்று அக்கரையிலிருந்து கூவினான் கூத்தன். இன்றைக்கே நெல்லைக் கொண்டு வா என்று இக்கரையிலிருந்து கூவினான் சேந்தன். தம்பி தன் வீட்டுக்குப் போய் நெல் மூட்டையோடு திரும்பினான். நடு ஆற்றில் பரிசல் கவிழ்ந்தது.

அண்ணன் சொல்லுக்காக வந்தானா, தானே துணிந்து வந்தானா? ஆறு மாதமாக இதையே கேட்டு, தம்பி குரலில் பதிலும் தானே சொல்லிக்கொண்டிருந்தான் சேந்தன். ஒருநாள், உன்மேல் தப்பில்லை அண்ணே என்று வரும். மறுநாள் வேறு மாதிரி வரும். கடைசியில் ஆசானிடம் போய் நின்றான்.

ஆசான் மணலில் இரண்டு வரி எழுதினார். இரண்டு எண்களைக் கூட்டினால் பன்னிரண்டு. பெரியதில் சிறியதைக் கழித்தால் நான்கு. இரண்டாம் வரியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, எண்களைக் கண்டுபிடி என்றார்.

பன்னிரண்டில் சிறியது போக மீதிதான் பெரியது. வேறு வரி இல்லாததால் அதை அந்த வரியிலேயே பிரதியிட்டான் சேந்தன். சிறியதும் அடிபட்டுப் போயிற்று.

“என்ன வந்தது?”

“பன்னிரண்டு சமம் பன்னிரண்டு.”

“தப்பா?”

“தப்பில்லை ஐயா. ஆனால் ஒன்றும் தெரியவில்லையே.”

“எடுத்த வரியிலேயே திருப்பிப் போட்டால் அவ்வளவுதான் வரும்.” ஆசான் கையை எடுக்கவில்லை. “மூட்டையை எடுக்கும்போது கூத்தன் வீட்டில் என்ன சொன்னான்?”

“அது அவன் மனைவி நாச்சிக்குத்தான் தெரியும்.”

“போய்க் கேட்டாயா?”

“கேட்கவே வேண்டாம், ஐயா.” சேந்தன் தலையைக் குனிந்துகொண்டான். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து வேறு குரல் வந்தது, நாச்சியின் குரல். “நீங்க கூப்பிட்டதாலதானே அவரு போனாரு.”

அடுப்படியில் சமையற்காரர் கையிலிருந்த கரண்டி நின்றது. அச்சு அசல் அவள் குரல்.

“சொன்னது யார்?” என்றார் ஆசான்.

சேந்தன் மணலில் இருந்த முதல் வரியைப் பார்த்தான்.

ஆசான் இரண்டாம் வரியிலிருந்து கையை எடுத்தார்.

“மாசி பிறந்துவிட்டது. ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். நடந்தே போகலாம்.”